போர்ச்செய்தி போன வழி

கல்கத்தாவுக்குப் புதிதாக மாற்றலாகி வரும் நம் அன்பர்கள் கரியாஹாட்டை முதலில் ஒரு கடைத்தெருவாகவே அறிகின்றனர். ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் ரோடும் ஒன்றையொன்று வெட்டும் அந்த நாற்சந்தியில் தாந்த் புடவை முதல் தட்டுமுட்டுச் சாமான் வரை கிடைக்காத பொருளில்லை. துர்க்கா பூஜைக்கு முந்திய வாரங்களில் அங்கே நாம் நடப்பதில்லை. கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் மறுபுறம் சேர்க்கிறது. மேற்கே சென்றால் லேக் மார்க்கெட். வாழையிலையும் மல்லிகைச் சரமும் வறுத்தரைத்த காப்பிப்பொடியும் கலந்த மணம் நம்மவர் குடியிருப்பு நெருங்கிவிட்டதை அறிவிக்கும். கிழக்கே பாலிகஞ்ச் ரயில் நிலையம். தெற்கே கோல்பார்க். அங்கே இராமகிருஷ்ண மிஷன் கலாசார நிலையத்தின் பெரிய கட்டடமும், நடைபாதையில் பழைய புத்தகக் கடைகளும் உள்ளன. குமாஸ்தாவின் சம்பளத்தில் ஒரு சிறு நூலகம் சேர்க்க ஆசைப்படுகிறவனுக்கு அந்தக் கடைகளே கதி.

அத்தகைய கடையொன்றில் அட்டை கிழிந்த சிறு புத்தகம் ஒன்று எனக்கு அகப்பட்டது. சிப்பாய்களுக்கான சைகைப் பயிற்சி நூல் அது. இரு கைகளிலும் கொடி பிடித்து நிற்கும் மனிதனின் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. கடைக்காரர் அறுபது ரூபாய் கேட்டார், நாற்பதுக்குத் தந்தார். சாரணர் படையில் இருக்கும் என் தமக்கை மகனுக்கென்று வாங்கினேன். அவன் ஒரே வாரத்தில் எழுத்துகளையெல்லாம் நெட்டுருப் பண்ணிவிட்டு, மொட்டைமாடியில் நின்று "அம்மா" என்று கொடி காட்டினான். இதில் ஒரு வேடிக்கை. நம் தமிழுக்கு எழுத்து 247. கொடிக்கோ ஆங்கில எழுத்து 26தான். ஆகவே அவன் அம்மாவை ஏ, எம், எம், ஏ என்று உடைத்தே அனுப்ப வேண்டியிருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது அவன் கேட்டான்: "மாமா, ரேடியோ இல்லாத காலத்திலே சண்டை நடக்கிற இடத்திலிருந்து எப்படிச் சேதி அனுப்பினார்கள்?"

அந்தக் கேள்வி என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகள் பலவற்றை விழுங்கிவிட்டது. ஆயினும் விடையின் பெரும்பகுதி வெகு தூரத்தில் இல்லை; கரியாஹாட்டிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தொலைவிலேயே இருந்தது. கரியாஹாட்டும் போருக்கு அந்நியமான இடமன்று. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக்குக் கல்கத்தாவே பின்தளமாக விளங்கியபோது, நாம் இன்று காலை உலாவப் போகும் தாகூரியா ஏரிக்கரை இராணுவத்தின் வசத்தில் இருந்தது.

ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குக் கொடிப் படங்களைக் கண்டவுடன் வேறொன்று நினைவுக்கு வருவது இயற்கை. நம் ஊர்களில் ரயில் சிக்னலுக்குக் கைகாட்டி மரம் என்று பெயர். எத்தனை அழகான சொல்! நீட்டிய கை நேராக நின்றால் வண்டி நிற்க வேண்டும். கை தாழ்ந்தால் போகலாம். இன்று பெரும்பாலான இடங்களில் வண்ண விளக்குகள் வந்து கைகாட்டியை அகற்றிவிட்டன. ஆனால் அந்தக் கை முதலில் வண்டிக்காக நீட்டப்பட்டதன்று, யுத்தத்துக்காக நீட்டப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், நாற்புறமும் பகைவர் சூழ்ந்திருந்த வேளையில், கிளாட் ஷாப் என்பவர் பாரிஸ் நகரத்திலிருந்து வடஎல்லையில் உள்ள லீல் வரை கோபுரங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் உச்சியிலும் அசையும் மரக்கைகளைப் பொருத்தினார். 1794இல் காண்டே என்ற கோட்டை மீட்கப்பட்ட செய்தி அவ்வழியே பாரிஸை எட்டியது. குதிரைவீரன் கொண்டுவந்திருந்தால் அது மறுநாளைய செய்தியாகியிருக்கும். ரயில் பாதையில் கைகாட்டி ஊன்றப்பட்டது அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1841இல், லண்டன் அருகே.

ஷாப்பின் ஏற்பாட்டில் என்னைக் கவர்ந்தது கையன்று, குறிப்பேடு. கைகளின் நிலைகள் 92. குறிப்பேட்டிலும் 92 பக்கம். பக்கத்துக்கு 92 சொல். முதற் குறி பக்கத்தைச் சொல்லும், இரண்டாம் குறி வரியைச் சொல்லும். இப்படி இரண்டே அசைவில் 8,464 சொற்களில் எதையும் அனுப்பலாம். அந்தக் குறிப்பேடு வரிசையின் முனைகளில் உள்ள மேலதிகாரிகளிடமே இருந்தது. நடுக்கோபுரத்து மனிதன் தொலைநோக்கியில் பக்கத்துக் கோபுரத்தின் கையைப் பார்ப்பான். தன் கையை அவ்வாறே வைப்பான். அடுத்த கோபுரம் சரியாக வைத்ததா என்று பார்ப்பான். ராஜ்யம் வென்றதா தோற்றதா என்பது அவனுடைய கை வழியாகவே போகும். அவனுக்கு மட்டும் தெரியாது.

நம் நாட்டில் அதற்கு முன் செய்தியைச் சுமந்தவை முரசும் தீயும் மனிதக் கால்களும் குதிரைக் கால்களுந்தாம். எங்கள் நாஞ்சில் நாட்டுப் பக்கம் திருவிதாங்கூர் அரசின் அஞ்சல் இருந்தது. 1951இல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது. சலங்கை கட்டிய ஈட்டியோடு அஞ்சலோட்டக்காரன் ஓடிவரும் ஓசை கேட்டால் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டுமாம். என் ஆச்சி சிறுமியாக இருந்தபோது கேட்ட அந்தச் சலங்கை ஒலியை வாயால் செய்து காட்டுவார்கள். வங்காளிகளிடம் இதைச் சொன்னால் உடனே சுகாந்த பட்டாச்சார்யாவின் 'ரானார்' பாட்டை ஹேமந்த முகர்ஜியின் குரலில் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். எங்கள் செக்‌ஷனில் ஒரு தாதா இருக்கிறார். அவர் முழுவதும் பாடி முடிக்கும்வரை கோப்பு நகராது.

கால்களையும் குதிரையையும் நம்பிய காலத்தில் போர்ச்செய்தி என்ன வேகம் போயிற்று என்பதற்கு நம் வேலூரே சாட்சி. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, விடிவதற்குள், கோட்டைக்குள் இருந்த சிப்பாய்கள் எழுந்தனர். வெள்ளைக்காரப் படையில் பெரும்பகுதியை வீழ்த்தித் திப்புவின் கொடியை ஏற்றினர். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குக் குதிரையில் ஆளனுப்பினார். தூரம் ஏறத்தாழ 16 மைல். செய்தி கிடைத்ததும் கில்லெஸ்பி என்பவர் குதிரைப்படையோடு விரைந்து அன்று முற்பகலிலேயே வேலூரை அடைந்தார். அதன்பின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். செய்தி சென்ற சாலையும் குதிரைதான், படை வந்த சாலையும் குதிரைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தி எத்தனை நாழிகையில் போனதோ, ஏறக்குறைய அத்தனை நாழிகையில் உதவியும் வந்து நின்றது. பின்னாளில் அப்படி இருக்கவில்லை.

வேலூருக்குப் பின் பத்தாண்டு கழித்துக் கும்பெனியார் கல்கத்தா வில்லியம் கோட்டையிலிருந்து காசிப் பக்கத்துச் சூனார்க் கோட்டை வரை கைகாட்டிக் கோபுரங்கள் எழுப்ப முனைந்தனர். அந்த வழியை அளந்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் எவரெஸ்ட். ஆம், இமயத்தின் சிகரத்துக்குப் பிற்காலத்தில் எவர் பெயர் இடப்பட்டதோ அவரேதாம். சுமார் 400 மைல் நீளமான அந்த வேலையைக் கண்டே லாம்ப்டன் 1818இல் அவரைத் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்த லாம்ப்டன் 1802இல் நம் சென்னைப் பரங்கிமலையருகே முதற் கோட்டை அளந்து தொடங்கியதுதான் இந்தியப் பெருநில அளவை. கல்கத்தாவாசிகள் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். பாரக்பூர் டிரங்க் ரோட்டில் நிற்கும் கோபுரம் 1831இல் நில அளவைக்காக எவரெஸ்ட் கட்டியது; அது செய்திக் கோபுரமன்று. செய்திக் கோபுரங்கள் நதிக்கு மேற்கே, ஹௌரா, ஹூக்ளி, பாங்குரா, புருலியா மாவட்டங்களில் ஆங்காங்கே நிற்கின்றன.

அவற்றில் நமக்கு அணித்தானது ஆந்துலுக்குப் பக்கத்தில் மகியாரியில் உள்ளது. கரியாஹாட்டில் பேருந்து ஏறி ஹௌராவை அடைந்து, கரக்பூர் பக்கம் போகும் லோக்கலில் ஏறினால், சாந்திராகாச்சியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ஆந்துல் வந்துவிடும். பையனையும் அழைத்துக்கொண்டு தை மாதத்தில் ஒருநாள் போனேன். வட்ட வடிவான செங்கற் கோபுரம். மேலே போகப் போகச் சிறுக்கிறது. காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. விரிசல்களில் ஆலங்கன்றுகள் வேர் விட்டிருக்கின்றன. இத்தகைய கோபுரங்களில் மரத்தளங்களும் ஏணிகளும் என்றோ மறைந்துவிட்டன. எஞ்சியிருப்பது சுவரும் சாளரத் துளைகளுமே. அருகில் தேநீர் விற்ற முதியவரை இது என்னவென்று கேட்டோம். பர்கிகள் என்ற மராட்டியக் கொள்ளைப்படை வருகிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டியது என்றார். பர்கிப் படையெடுப்பு 1740களில் நிகழ்ந்தது. கோபுரமோ அதற்கு இரண்டு தலைமுறை பிந்தியது. எனினும் ஊரார் நினைவில் அச்சம் எங்கே ஒட்டிக்கொண்டதோ அங்கேயே கோபுரமும் ஒட்டிக்கொண்டது. முதியவரோடு வாதிக்க எனக்கு மனம் வரவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

எட்டு மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் 400 மைலுக்கு ஏறத்தாழ ஐம்பது கோபுரம் வேண்டும். அத்தனையிலும் பகல் முழுதும் கண்ணிமைக்காமல் தொலைநோக்கியில் பார்க்க ஆள் வேண்டும். ஒரே ஒருவன் கண்ணயர்ந்தால் ஐம்பதும் ஊமைதான். மனிதன் விழித்திருந்தாலும் வங்காளத்து வானம் ஒத்துழைக்க வேண்டுமே! ஆனி முதல் புரட்டாசி வரை மழைத்திரை, மார்கழி, தை மாதங்களில் காலை பத்து மணி வரை மூடுபனி, தினந்தோறும் இரவு. ஹௌராவில் பனிக்காலத்து வண்டிகள் தாமதமாவதற்கு நாம் அலுத்துக்கொள்கிறோமே, அந்தப் பனி அன்றைக்குக் கவர்னர் ஜெனரலின் செய்தியையும் நிறுத்தியிருக்கும். 1830 அளவில் இந்த வரிசை கைவிடப்பட்டது.

மகியாரிக் கோபுரம் வீடுகளின் நடுவே நிற்பதால் அதன் தொழில் அங்கே விளங்குவதில்லை. ஆத்ராவில் நமக்கு ரயில்வே டிவிஷன் அலுவலகம் இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். அலுவல் நிமித்தம் அங்கே சென்றிருந்தபோது பக்கத்திலுள்ள ஜெய்சண்டி மலைக்குப் போனேன். சத்யஜித் ரே தம் 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தை எடுத்த மலை என்று வங்காளிகள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படம் 1980இல் வெளிவந்தது. உச்சியில் சண்டியின் கோயில். படியேறும் வழியில் ஓர் இடிந்த கோபுரம் நிற்கிறது. அதுவும் இவ்வரிசையைச் சேர்ந்தது என்பர். மூச்சு வாங்க அதன் நிழலில் உட்கார்ந்து கீழே பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சிவந்த மண், பனைமரங்கள், நூல்போல் ரயில் பாதை. எட்டு மைல் என்பது கண்ணுக்கு ஒன்றுமேயில்லை. எவரெஸ்டின் பெயர் உலகின் உச்சியிலே நிற்கிறது. இந்தப் பாறையில் வெயிலில் காய்ந்து தொலைநோக்கியைப் பிடித்திருந்தவன் தெலுங்கனா, போஜ்புரிக்காரனா, வங்காளியா? மாதம் என்ன சம்பளம்? எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது.

அடுத்தது கம்பி. அதற்கு நாம் நதியைக்கூடத் தாண்ட வேண்டாம். பாலிகஞ்ச் நிலையத்தில் டயமண்டு ஹார்பர் வண்டிக்காகக் காய்கறிக் கூடைகளுக்கிடையே நெருக்கி நிற்கிறோமே, அந்தத் திசையில்தான் இந்தியாவின் முதல் தந்திக் கம்பி போயிற்று. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்த வில்லியம் ஓஷானெஸி என்ற வைத்தியர் 1839இல் சிப்பூர்த் தாவரத் தோட்டத்தில் மூங்கில் நட்டுக் கம்பியிழுத்துச் சோதனை செய்தார். மேலிடத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1851இல், கல்கத்தாவுக்கும் டயமண்டு ஹார்பருக்கும் இடையே கம்பி போடப்பட்டது. அவ்வேலையில் ஓஷானெஸிக்கு வலக்கையாக நின்றவர் சிவசந்திர நந்தி என்ற வங்காளி. ஆச்சரியம், இவருடைய பெயராவது பிழைத்திருக்கிறது.

மறு ஆண்டே யுத்தம் கம்பியைத் தேடி வந்தது. 1852இல் இரண்டாம் பர்மியப் போரில் ரங்கூன் பிடிபட்ட செய்தியோடு வந்த கப்பல் இன்னும் ஹூக்ளி முகத்திலேயே இருந்தது. அதற்குள் சமாசாரம் கம்பி வழியே கல்கத்தாவில் டல்ஹௌஸிப் பிரபுவின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப்பின் கம்பிக்குப் பணத் தட்டுப்பாடு ஏற்படவில்லை. 1855க்குள் ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் கல்கத்தாவோடு பிணைந்தன. கல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் செய்தி ஆக்ராவையும் பம்பாயையும் சுற்றிக்கொண்டு போயிற்று என்பது இன்று நமக்குச் சிரிப்பூட்டலாம்.

1857இன் கதையை அன்பர்கள் அறிவார்கள். கம்பியின் பங்கை மட்டும் சொல்கிறேன். ஜனவரியிலேயே கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள பாரக்பூரில் தந்தி அலுவலகம் தீக்கிரையாயிற்று. வடநாட்டுக் கிராமங்களில் சப்பாத்தி கைமாறிக் கைமாறி ஊர்விட்டு ஊர் போயிற்று. காவல்காரன் ஒருவன் கொண்டுவந்து கொடுப்பான், வாங்கியவன் மேலும் சுட்டு அடுத்த ஊருக்குக் கொண்டுபோவான். அதன் பொருள் என்னவென்று கொண்டுபோனவனுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. மே 11ஆம் தேதி மீரட் சிப்பாய்கள் டில்லிக்குள் நுழைந்தபோது தந்தி அலுவலகத் தலைவர் டாட் கம்பியைப் பார்க்கப் போய்க் கொல்லப்பட்டார். பிரெண்டிஷ், பில்கிங்டன் என்ற இரண்டு இளைஞர்கள் அம்பாலாவுக்குச் செய்தியைத் தட்டிவிட்டு ஓடினர். அம்பாலாவிலிருந்து அது பஞ்சாப் முழுதும் பரவியது. மே 13ஆம் தேதி லாகூரில் சிப்பாய்களின் ஆயுதம் பறிக்கப்பட்டது. டில்லியில் என்ன நடந்ததென்று அறியாமலே அவர்கள் துப்பாக்கிகளைக் கீழே வைத்தனர். சப்பாத்தி மாதக்கணக்கில் நடந்த தூரத்தைக் கம்பி ஒரே பகலில் கடந்துவிட்டது.

தந்தியைப் பற்றிப் பேசும்போது நம் போன்ற குடும்பங்கள் யுத்தத்தை மட்டும் நினைப்பதில்லை. என் தந்தையாரும் ரயில்வேயில்தான் இங்கே இருந்தார். நான் பிறப்பதற்கு முன் ஒருநாள் மாலை அவருக்கு நாகர்கோவிலிலிருந்து தந்தி வந்தது. தகப்பனார் காலமானார், உடனே புறப்படுக என்று ஆங்கிலத்தில் நான்கைந்து சொல். சேவகன் வாசலில் நின்றதைக் கண்டதுமே அம்மா அழத் தொடங்கிவிட்டாளாம். பிரித்துப் பார்ப்பதற்குக் காத்திருக்கவில்லை. அக்காலத்தில் நல்ல செய்திக்குத் தந்தி அடிப்பவர் எத்தனை பேர்? அப்பா அன்றிரவே ஹௌராவுக்கு ஓடினார். சென்னையில் வண்டி மாறி மூன்றாம் நாள் ஊர் சேர்ந்தபோது காடாற்றும் ஆகிவிட்டிருந்தது. தந்தி ஒரு பகலில் வந்தது. வண்டி அதே வண்டிதான். அப்பா அந்தத் தாளைக் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது அதை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் மடித்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கம்பி நட முடியாத மலைநாட்டில் சிப்பாய்களுக்குச் சூரியன் துணை செய்தான். 1860களின் இறுதியில் கராச்சியில் தந்தி இலாகா உத்தியோகத்திலிருந்த ஹென்றி மான்ஸ் ஹீலியோகிராப் என்ற கருவியை அமைத்தார். முக்காலியின்மேல் ஒரு வட்டக் கண்ணாடி. வெயிலை எதிர்மலைக்குத் திருப்பிவிட்டு, ஒரு சாவியை அழுத்தினால் கண்ணாடி சற்றே சாயும். அழுத்தும் கால அளவுக்கு ஏற்ப நெடிய மின்னல், குறுகிய மின்னல். தந்தியில் தட்டும் அதே மோர்ஸ் எழுத்து. கம்பி வேண்டாம், கம்பம் வேண்டாம். பகைவன் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. நல்ல வெயிலில் முப்பது மைலுக்கு அப்பாலும் தெரியும். ஒளி நேர்கோட்டிலே போவதால் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு அது தெரியாது. ஆப்கன் போரில் இது பெரிதும் பயன்பட்டது. நம் கல்கத்தாவின் மார்கழிக் காலையில் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

இக்கருவியின் கதையில் ஒரு நாள் மட்டும் என்னை விட்டு நீங்குவதில்லை. இன்று பாகிஸ்தானில் உள்ள சமானா மலைத்தொடரில் லாக்ஹார்ட், குலிஸ்தான் என்று இரண்டு கோட்டைகள். நடுவே மேடு மறைப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாது. ஆகவே இடைமேட்டில் சாராகடி என்ற சிறு காவல்நிலை அமைத்து, இரு கோட்டைகளுக்கும் கண்ணாடியால் செய்தி கடத்தினர். அதாவது மகியாரிக் கோபுரம் எதற்காகவோ, சாராகடியும் அதற்காகத்தான். 36ஆம் சீக்கியப் படையைச் சேர்ந்த 21 பேர் அங்கே இருந்தனர். தலைவர் ஹவில்தார் ஈஷர் சிங். 1897 செப்டம்பர் 12ஆம் தேதி காலையில் ஆயிரக்கணக்கான பழங்குடிப் படையினர் அதை வளைத்தனர். சைகைக்காரர் சிப்பாய் குர்முக் சிங் லாக்ஹார்ட் கோட்டைக்குக் கண்ணாடி அசைக்கத் தொடங்கினார். எத்தனை பேர் வருகிறார்கள், எந்தப் பக்கம் வருகிறார்கள், யார் விழுந்தார், எத்தனை பேர் எஞ்சினர் என்று எல்லாமே வரிசையாக வந்துகொண்டிருந்தது. லாக்ஹார்ட்டில் இருந்த தலைவர் ஹாட்டன் அத்தனையையும் வாசித்தார். படையனுப்ப முயன்றும் வழி பிறக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு வந்ததுபோல் யாரும் வந்துவிட முடியவில்லை. தூரம் சில மைல். செய்திக்கு ஒரு கண நேரம். காலுக்கோ கடக்க முடியாத தூரம்.

மற்றவர் யாவரும் விழுந்தபின், பிற்பகலில், குர்முக் சிங் கண்ணாடி வழியே அனுமதி கேட்டார்: சைகையை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி எடுக்கலாமா என்று. அனுமதி வந்தது. அவர் கருவியைக் கழற்றித் தோல் பைக்குள் ஒழுங்காக வைத்துவிட்டுப் போரிட்டு மடிந்தார். இருபத்தொருவருக்கும் அக்காலத்து இந்தியச் சிப்பாய்க்குரிய மிக உயர்ந்த வீரப் பதக்கம் அளிக்கப்பட்டது. அனுமதி கேட்ட அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் நான் நினைக்கிறேன். டியூட்டி மாறும்போது பொறுப்பை ஒப்படைக்காமல் எழுந்து போகக்கூடாது என்பது நம் ஸ்டேஷன்களில் எழுதப்பட்ட விதி. அவருக்கு ஒப்படைக்க ஆளில்லை; ஆகவே வெயிலிடம் சொல்லிவிட்டு எழுந்தார். இதைப் பையனுக்குச் சொன்னபோது அவன் கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

சைகை வேலைக்கென்றே இந்திய இராணுவத்தில் தனிப்பிரிவு 1911 பிப்ரவரி 15ஆம் தேதி தோன்றியது. அடுத்த மூன்றாண்டில் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. அங்கே தொலைபேசிக் கம்பிகளைக் குண்டுகள் நறுக்கித் தள்ளின, கண்ணாடிக்கு வெயிலில்லை, கொடி பிடித்து எழுந்து நின்றவன் மறுகணம் இல்லை. கடைசியில் பழைய ஓட்டக்காரனும் பழைய புறாவுமே பதுங்குகுழிகளுக்குத் திரும்பி வந்தனர். 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கோன் காட்டில் சிக்கிய அமெரிக்கச் சேனையின் சீட்டை, கால் ஒன்று தொங்க, மார்பில் குண்டு துளைக்க, கொண்டு சேர்த்த 'ஷேர் அமி' என்ற புறாவைப் பாடம் பண்ணி இன்றும் வாஷிங்டனில் வைத்திருக்கிறார்கள்.

புறாவைப் பார்க்க நாம் வாஷிங்டன் போக வேண்டாம். ஊருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. இரவில் ஹௌராவை விட்ட சென்னை மெயில் மறுநாள் காலையில் கட்டாக் சேருமல்லவா? அந்தக் கட்டாக்கில் ஒடிசா போலீஸாரின் புறாப் பிரிவு உள்ளது. இரண்டாம் போர் முடிந்ததும் இராணுவம் தன்னிடமிருந்த புறாக்களில் 200ஐ 1946இல் போலீஸாரிடம் கொடுத்தது. கம்பியும் சாலையும் எட்டாத கோராபுட் மலைநாட்டில் அவை முதலில் வேலைக்கு வைக்கப்பட்டன. 1948 ஏப்ரலில் சம்பல்பூரில் இருந்த பண்டித நேரு, கட்டாக்கில் தமக்கான கூட்ட ஏற்பாடு பற்றிப் புறா வழியே செய்தி அனுப்பினார். 1982 வெள்ளத்தில் பாங்கி என்னும் ஊர் துண்டிக்கப்பட்டபோதும், 1999 பெரும்புயலில் கம்பிகளெல்லாம் அறுந்து கிடந்தபோதும் இப்பறவைகள் கடிதம் சுமந்தன. 2002இல் தபால் வேலை நிறுத்தப்பட்டது; ஆயினும் கூண்டுகளைக் கலைத்துவிடவில்லை.

புறாத் தபாலில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் அறியார். புறாவை நாம் நினைத்த ஊருக்கு அனுப்ப முடியாது. எந்தக் கூண்டில் அது வளர்ந்ததோ அந்தக் கூண்டுக்கு மட்டுமே அது திரும்பும். ஆகவே கட்டாக்குக்குச் செய்தி வேண்டுமானால், கட்டாக்கில் வளர்ந்த புறாவைக் கூடையில் வைத்து முன்கூட்டியே தூர தேசத்துக்குக் கொண்டுபோய், அங்கே தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். வேளை வந்ததும் மெல்லிய காகிதத்தில் எழுதிய சீட்டைச் சிறு குழாயில் அடைத்துக் காலில் கட்டிப் பறக்கவிடுவார்கள். வழியில் பருந்துக்கு இரையாகலாம் என்பதால் முக்கியமான செய்தியை இரண்டு புறாவிடம் கொடுத்து அனுப்புவதும் வழக்கம்.

குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் அப்புறாக்களைப் பொதுமக்கள் முன்னிலையில் பறக்கவிடுகின்றனர். ஆகஸ்டு விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் 14ஆம் தேதி இரவு மெயிலுக்குச் சீட்டு எடுத்து, கட்டாக்கில் ஒருநாள் தங்கிச் செல்லலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நலம்.